ராசாவும் அக்காவின் பிள்ளைகளும்

"13.11.2017, திங்கள். அத்தானின் அந்தியேட்டி. காலை கீரிமலையில் கிரியை. மத்தியானம் வீட்டில் சாப்பாடு. கல்வெட்டு கொடுத்தாயிற்று. மழை இல்லை. அக்கா நாலாம் பக்கத்தில் ஒரு பிழை கண்டார்."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். தகவல்கள் எல்லாம் சரி. ஆனால் இதை வாசிக்கும் எவருக்கும் அன்று என்ன நடந்தது என்று தெரியவராது. எழுதும்போது எனக்கு அது தெரிந்துதான் இருந்தது.

நான் முப்பத்துமூன்று வருடம் யாழ்ப்பாணத் தீவுப்பகுதித் தபால் கந்தோர்களில் வேலை செய்தவன். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை, முத்திரை குத்தும் அச்சில் திகதியை மாற்றுவது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுருவிலில் தனியாக இருக்கிறேன், கலியாணம் செய்யவில்லை. வாசிப்பேன், குறிப்பெடுப்பேன், ஊரில் ஆர் எப்போது பிறந்தார், எந்தக் கிணறு எந்த வருடம் வெட்டியது என்று எழுதி வைப்பேன். அதனால் கல்வெட்டு எழுதும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், சாப்பிட வந்தவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். பெயர்தான் கல்வெட்டு, அச்சடிப்பது கடதாசியில். செத்தவரின் படம், வாழ்க்கை, சில தேவாரங்கள், குடும்ப அட்டவணை, செத்த வருடமும் மாதமும் பக்கமும் திதியும் அடங்கிய ஒரு வெண்பா. புளியங்கூடலிலிருந்து நயினாதீவு வரை பல வீடுகளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். புளியங்கூடலில் கலியாணம் செய்தார். அத்தான் தெற்கில் கடை வைத்திருந்து, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் போகாதவர். மூன்று பிள்ளைகள். மூத்த இருவரும் ஆண்கள், கடைசி மகள். 1990 ஆவணியில் இராணுவம் வந்திறங்க, தீவுகளை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நாட்களில் அவர்களும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். மறுநாள், கட்டையில் கட்டியபடி விட்டுவந்த பசுவை அவிழ்த்துவிட வேண்டும் என்று மூத்தவன் சைக்கிளை எடுத்தான். பத்தொன்பது வயது.

"தனியப் போகாதை, தம்பியையும் ஏத்திக்கொண்டு போ" என்றார் அக்கா.

தம்பிக்குப் பதினாறு. இருவரையும் போகும் வழியில் அல்லைப்பிட்டியில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு அங்கால் கண்டதாக எவரும் சொல்லவில்லை. பசு அவிழ்ந்து நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆர் அவிழ்த்தது என்று தெரியாது. அந்த மாதம் என் நாட்குறிப்பில் பதினொரு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவர்கள் போனது எந்தத் திகதி என்று இன்று கேட்டால் என்னால் சொல்ல ஏலாது.

பல வருடங்களுக்குப் பிறகு அக்காவும் அத்தானும் ஊருக்குத் திரும்பினார்கள். மகள் பிரான்சுக்குப் போய்விட்டாள். வருடத்துக்கொருமுறை வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எடுக்க கிராம அலுவலரான விதானையார் வருவார். அக்கா வீட்டில் எப்போதும் ஒரே கதைதான் நடக்கும்.

"வீட்டிலை எத்தினை பேர் அம்மா?"

"நாலு பேர்."

"நானும் நீங்களும் தெரிஞ்ச ஆக்கள். நான் ரெண்டெண்டு எழுதட்டே?"

"நீர் எத்தினையெண்டும் எழுதும். நான் நாலெண்டுதான் கையெழுத்து வைப்பன்."

விதானையார் அத்தானைப் பார்ப்பார். அத்தான் முற்றத்தைப் பார்ப்பார்.

*

2013 மாசி 4ஆம் திகதி, இங்கிலாந்தில் வாகனத் தரிப்பிடம் ஒன்றின் கீழே தோண்டியெடுத்த எலும்புக்கூடு, ஐந்நூறு வருடத்துக்கு முன்பு உள்நாட்டுப் போரில் விழுந்த அந்நாட்டு ராசாவுடையது என்று அறிவித்தார்கள். அந்த ராசாவை எனக்கு 1974 முதல் பழக்கம். சுன்னாகத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஆங்கில வரலாற்று நூல் ஒன்றை வாங்கினேன். அதில் அவருக்கு இருபது பக்கம். இளம் வயதில் அந்த இருபது பக்கத்தையும் தமிழில் எழுதவேண்டும் என்று தொடங்கி, தொண்ணூறில் நிறுத்திவிட்டேன். எலும்பு கிடைத்த செய்தியோடு திரும்ப எழுத ஆசை வந்தது. அக்காவின் மகள், என் மருமகள், பிரான்சிலிருந்து புதிய புத்தகங்கள் அனுப்பினாள். கோடு போட்ட கொப்பிகளில் எழுதி, செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் சைக்கிளில் புளியங்கூடல் போய் வாசித்துக் காட்டுவேன். அத்தான் சாய்மனைக் கதிரையில் படுத்திருப்பார். அக்கா குசினி வாசலில் இருந்து கீரை ஆய்வார், அல்லது அரிசி கொழிப்பார்.

"எட்டு வயதிலை தேப்பன் போரிலை செத்தது. எதிரியள் தலையை வெட்டி, காகிதத்திலை முடி செய்து வைச்சு, பட்டின வாசல்லை குத்தி வைச்சவங்கள்" என்று முதல் கொப்பியை வாசித்தேன்.

"அவனுக்கு எட்டு வயதுதானோ?" என்றார் அக்கா.

"ஓம். ஒரே குடும்பத்தின்ரை ரெண்டு கிளை, முப்பது வருசம் அடிபட்டது. இவன் கடைக்குட்டி. பதினெட்டு வயதிலை தமையனுக்காகப் போருக்குப் போனவன். இழந்த முடியைத் தமையன் திரும்பப் பிடிச்சான்."

"அதுமட்டும் நல்லவன்தானே" என்றார் அத்தான். "உவங்களெல்லாம் கதிரை கிடைக்குமட்டும் நல்லவங்கள்தான். எங்கடை கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரை மறந்திட்டீரோ?"

"அத்தான், இவன் இங்கிலாந்துக்கு ராசா."

"ராசாவெண்டால் என்ன, மா மூட்டையைக் கண்டால் கை நீளும்."

அத்தான் இப்படித்தான். கொலைகள் தொடங்கும்வரை சிரித்துக்கொண்டு கேட்டார்.

1483 சித்திரை 9ஆம் திகதி தமையன் செத்தான். தமையனின் மூத்த மகன், பன்னிரண்டு வயது, அடுத்த ராசா. அவனைத் தலைநகருக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவனுடைய தாய்மாமன். வழியில் இவன், அதாவது பிள்ளையின் சித்தப்பன், எதிர்கொண்டு போய், தாய்மாமனோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டு, சிரித்துக் கதைத்து, மறுநாள் காலை அந்த ஆளைக் கைது செய்தான். இரண்டு மாதம் போகமுன் விசாரணை இல்லாமல் தலையை எடுத்தான். தமையனின் உற்ற தோழன் ஒருவரையும் ஒரு கூட்டத்தில் வைத்துப் பிடித்து, அதே நாளில் கொன்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஆற்றங்கரைக் கோட்டையில் கொண்டுபோய் வைத்தான். தாய் இளைய மகனையும் பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு தேவாலயத்துக்குள் போய்த் தஞ்சம் புகுந்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் வாசித்த பகுதியைப் பற்றி இப்போதும் எனக்கு வெட்கம் இருக்கிறது. அந்த இடத்தில் மூன்று புத்தகங்களில் மூன்று விதமாகத் திகதி இருந்தது. நான் ஒப்பிட்டுப் பார்த்து ஆனி 16 என்று கண்டுபிடித்த சந்தோசத்தில் இருந்தேன்.

"1483 ஆனி 16, திங்கட்கிழமை. தேவாலயத்தைச் சுத்தி ஆயுதக்காரர். பெரிய குருவானவர் உள்ளை போய்த் தாயோடை கதைச்சார். தமையன் தனிய இருக்கிறான், விளையாட ஆளில்லை, தம்பியை அனுப்புங்கோ எண்டு கேட்டார். தாய் ஒன்பது வயதுப் பிள்ளையை அவரின்ரை கையிலை குடுத்து அனுப்பினாள். சிலர் இதை அதுக்கு முந்தின கிழமை எண்டு எழுதியிருக்கினம், அது பிழை, ஏனெண்டால்..."

"காணும், நிப்பாட்டும்" என்றார் அத்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா சுளகை மடியில் வைத்தபடி இருந்தார். அரிசி கொழிக்கவில்லை. சுளகில் விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

"வாசிக்கட்டும்" என்றார். "அனுப்பினாப் பிறகு என்ன?"

"பத்து நாளிலை இவன் தானே ராசா எண்டு அறிவிச்சான். பொடியள் முறையாப் பிறக்கேல்லை எண்டு சட்டம் சொல்லிச்சு. கொஞ்ச நாள் ரெண்டு பேரும் கோட்டைத் தோட்டத்திலை அம்பு விட்டு விளையாடினதைச் சனம் கண்டது. பிறகு யன்னல்லை கண்டது. பிறகு காணேல்லை."

"கொன்றவனோ?"

"அப்பிடித்தான் கனபேர் சொல்லுகினம். ஆனால் ஆதாரம் இல்லை அக்கா."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கடைசிமட்டும் வாயே திறக்கேல்லை."

அக்கா அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்க அந்தத் தாயைப் பற்றியே கேட்டார். அவளுக்கு மிச்சம் எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள் தேவாலயத்துக்குள் இருந்தாள், சாப்பாடு ஆர் கொண்டுவந்து கொடுத்தது. 1484 பங்குனி 1ஆம் திகதி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் செய்யமாட்டேன் என்று ராசா எல்லார் முன்னும் சத்தியம் பண்ண, அவள் அவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தன் மக்களைக் கொன்றவனிடம் ஒரு தாய் எப்படிப் போவாள் என்று வரலாற்று ஆசிரியர்கள் ஐந்நூறு வருடமாகத் தலையை உடைக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"உவை ஆம்பிளையளோ எழுதினது?" என்று அக்கா கேட்டார்.

"கனபேர் ஆம்பிளையள்தான்."

"பெட்டையளுக்குச் சோறு குடுக்கவேணும். பொடியளும் இருக்கிறாங்கள் எண்டு நினைச்சிருப்பா. இருக்கிறாங்களெண்டால் அவனிட்டைத்தானே இருக்கிறாங்கள். அவனோடை கோவிச்சால் ஆரிட்டைக் கேக்கிறது?"

அதை நான் அன்றே கொப்பியில் எழுதி வைத்தேன். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு விளக்கம் இருக்கவில்லை.

ராசாவின் வீழ்ச்சியை எழுதி முடிக்க 2016 கடைசி ஆகிவிட்டது. பதவிக்கு வந்து ஒரு வருடம் ஆகமுன் ஒரே மகன் செத்தான். அடுத்த வருடம் மனைவி. 1485 ஆவணி 22ஆம் திகதி, கூட இருந்தவர்கள் அசையாமல் நிற்க, எதிரியை நேரே வெட்டவென்று சிறு கூட்டத்தோடு குதிரையில் பாய்ந்தான். சதுப்பில் குதிரை சிக்க, சுற்றி நின்று அடித்துக் கொன்றார்கள். உடம்பை நிர்வாணமாகக் குதிரையில் குறுக்கே போட்டுக் கொண்டுபோய், மடமொன்றில் அவசரமாகப் புதைத்தார்கள். கிடங்கு நீளம் போதாமல் தலை ஒருபக்கம் மடிந்திருந்ததை எலும்பு எடுத்தவர்கள் கண்டார்கள். ஆண்டது இரண்டு வருடமும் இரண்டு மாதமும். முதுகெலும்பு வளைந்திருந்தது என்பது மட்டும் பழைய கதைகளில் சொன்னபடியே இருந்தது.

அக்கா சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் குசினிக்குள் இருந்து சொன்னார்.

"விசரங்கள். பொடியள் எங்கை எண்டு கேட்டுப்போட்டெல்லோ கொல்லவேணும்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெல்ல, "இனி வேறை ராசா ஆரையும் கொண்டுவாரும். ஆடு மாடு வளத்தவன் ஆரும் இருந்தால் பாரும்" என்றார்.

*

அத்தான் 2017 ஐப்பசி 14, சனிக்கிழமை செத்தார். ஒக்டோபரைத்தான் நாங்கள் ஐப்பசி என்போம். பஞ்சாங்கக் கணக்கில் ஏவிளம்பி வருடம் புரட்டாதி மாதம் அபரபக்கத் தசமி. எந்த அவசரத்திலும் எனக்கு அது உடனே வந்தது. மருமகள் அடுத்தநாள் வந்துசேர்ந்தாள்.

சுடலைக்கு எடுக்க முன் குருக்கள் கேட்டார்.

"கொள்ளி வைக்கிற மகன் ஆர்?"

"மகன் இருக்கிறான். வரேல்லை" என்றார் அக்கா உள்ளே இருந்து.

குருக்கள் என்னைப் பார்த்தார். அத்தானின் தம்பியின் மகன் ஒருவரை நான் கையைப் பிடித்து முன்னே கொண்டுவந்தேன். வெளிநாட்டிலிருந்து வரமுடியாத மகன்மாருக்காக இப்போது எத்தனையோ வீட்டில் அப்படி நடக்கிறது. அதனால் அக்கா சொன்னது அங்கே நின்ற பலருக்குச் சாதாரணமாகவே கேட்டிருக்கும்.

பிறகு முப்பது நாள் நான் கல்வெட்டில் இருந்தேன். அத்தானின் வம்சத்தை ஆறு தலைமுறை பின்னே கொண்டுபோனேன். பழைய காணி உறுதிகளையும் கோயில் ஏடுகளையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் பிறந்த வருடமும் செத்த வருடமும் போட்டேன். எனக்குத் தெரிந்தவரை தீவுப்பகுதியில் அவ்வளவு நிறைவான அட்டவணை வேறொரு கல்வெட்டிலும் வந்ததில்லை. கடைசி வரிசையில் மூன்று பெட்டிகள். மகளின் பெட்டி சரி. மற்ற இரண்டையும் பல நாள் விட்டு வைத்தேன். வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த ராசாவின் காலத்து எழுத்தர்கள் இரண்டு பெட்டியை வெறுமையாக விட்டதால் ஐந்நூறு வருடம் கதை கட்டினார்கள், பொய்ப் பிள்ளைகள் நான்தான் என்று வந்து நின்றார்கள். என் குடும்ப அட்டவணையில் அப்படி ஓட்டை இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இருபத்தேழு வருடம். நியாயமாக யோசிக்கிற எவருக்கும் விடை ஒன்றுதான் என்று எனக்கு நானே சொன்னேன்.

இரண்டு பெயருக்கும் முன்னால் 'அமரர்' என்று எழுதினேன். கீழே, நேர்மையாக இருக்கிறேன் என்ற நினைப்பில், 'திகதி அறியப்படவில்லை' என்றும் எழுதினேன்.

அச்சுக்குப் போகமுன் மருமகளிடம் காட்டினேன். அவள் நாலாம் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள்.

"மாமா, அம்மாவிட்டைக் கேட்டனீங்களே?"

"அம்மாவுக்கு விளங்கும் பிள்ளை."

"கேட்டனீங்களே எண்டுதான் கேட்டனான்."

"எத்தினை வருசத்துக்கு இப்பிடியே வைச்சிருக்கிறது? திவசம் செய்யிறதெண்டாலும் செய்யலாம்."

அவள் அழுதாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

*

முப்பத்தோராம் நாள் மத்தியானம் பந்தலில் முதல் பந்தி இருந்தது. வந்தவர்களுக்கு வாசலிலேயே கல்வெட்டைக் கொடுத்துவிட்டோம், பலர் அதை மடியிலோ கதிரைக்குப் பக்கத்திலோ வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அக்காவுக்கு ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் அத்தானின் படம் நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்வார் என்று அறை வாசலில் நின்றேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நாலாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"தம்பி, இஞ்சை வா. இதென்ன?"

"அக்கா, இருபத்தேழு வருசம்..."

"வருசம் எனக்குத் தெரியும். நீ கண்டனியோ?"

"இல்லை."

"கண்டவன் ஆரும் உனக்குச் சொன்னவனோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஆர் சொல்லி எழுதினனீ?"

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

"அந்த உன்ரை ராசா உன்னிலும் திறம்" என்றார். சத்தம் போடவில்லை. "அவன் என்னத்தைச் செய்தானோ. ஆனால் செத்திட்டாங்கள் எண்டு வாயாலை சொல்லேல்லை. அந்தத் தாய் அதை நம்பிக்கொண்டாவது இருந்திருப்பா. நீ அச்சடிச்சு ஊருக்குக் குடுத்திட்டாய்."

எழுந்து பந்தலுக்குப் போனார். புருசன் செத்து ஒரு மாதமான பெண் அப்படிப் பந்திக்கு நடுவே வருவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. முதல் இலையிலிருந்து தொடங்கினார்.

"அந்தப் புத்தகத்தைத் தாங்கோ. பிழை ஒண்டு வந்திட்டுது."

எல்லோருடைய வலது கையிலும் சோறு. இடக்கையால் கொடுக்கக் கூசினார்கள். அத்தானின் பெரியம்மாவின் மகன் ஒருவர், "பொறு பிள்ளை, எச்சில் கை, கழுவிப்போட்டு வந்து தாறன்" என்று எழும்பப் பார்த்தார்.

"எழும்பாதேங்கோ அண்ணை, இருந்து சாப்பிடுங்கோ. இடக்கையாலை தாங்கோ. பரவாயில்லை."

ஒவ்வொருவரும் இடக்கையால் நீட்ட, அவர் இரண்டு கையாலும் வாங்கினார். என்ன பிழை என்று ஒருவர் பக்கத்தைப் புரட்ட, பக்கத்திலிருந்தவர் அவர் முழங்கையில் தட்டினார். பாயாசம் வந்தது. மருமகள் தாய்க்குப் பின்னால் போய் வாங்கியவற்றை ஏந்திக்கொண்டாள். நான் தூணோடு நின்றேன். வாங்கி முடிய, அக்கா எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

*

வடையும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டு, பந்திக்கு முந்தியே கல்வெட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். ஆருக்குக் கொடுத்தேன் என்று என்னிடம் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலோடு நான் வெளிக்கிட்டேன். குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவுக்குப் போனேன், நெடுந்தீவுக்கு இரண்டுமுறை போனேன். பிழை ஒன்று என்று மட்டும் சொன்னேன்.

"குடுத்த கல்வெட்டைத் திருப்பிக் கேக்கிறதை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்றார் நயினாதீவில் ஒருவர். "வடையையும் கேப்பியளோ? அது செமிச்சிட்டுது."

அல்லைப்பிட்டியில் அத்தானின் நெடுநாள் கூட்டாளி ஒருவர், மீன்பிடிக்கிற கத்தோலிக்க வேதக்காரர். வலையைத் தைத்துக்கொண்டே உள்ளே கைகாட்டினார். அவர் மனைவி கொண்டுவந்து தந்தாள். நாலாம் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லைப் பேனையால் கடதாசி கிழியுமட்டும் கீறியிருந்தது.

"அண்டைக்கே கீறினனான்" என்றார். "கோவிக்காதையும் அண்ணை. சின்னவனுக்கு நீச்சல் பழக்கினது நான்."

"நான் ஏன் கோவிக்கிறன்."

"எங்கடை கோயில்லை ரெண்டு பேருக்கும் ஒரு பூசை குடுப்பமெண்டு கனகாலம் நினைச்சனான். சுவாமி கேப்பார், செத்த ஆத்துமாவுக்கோ, இருக்கிறவையின்ரை சுகத்துக்கோ எண்டு. என்ன சொல்லுறது? குடுக்காமல் விட்டிட்டன்."

மீட்டுவந்தவற்றை அக்கா வீட்டு விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டு, சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்புவேன். அடுத்தமுறை போகும்போது கதிரை வெறுமையாக இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் போனேன், கொண்டுபோக ஒன்றும் இல்லாத நாட்களிலும். சில நாள் அவர் யன்னலுக்கு உள்ளே நிற்பது தெரியும். ஒருநாள் தொலைபேசியில் மருமகளிடம், "உன்ரை மாமா மெலிஞ்சு போனான், அவனுக்கு ஆர் சமைக்கிறது" என்று கேட்டாராம். அதை மருமகள் எனக்குச் சொன்னாள். அந்தத் திகதி என்னிடம் இருக்கிறது, 2019 வைகாசி 28. ஆனால் அக்கா நேரே என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராசாவின் கொப்பிகளை நான் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

2023 பங்குனி 9, வியாழக்கிழமை அக்கா செத்தார். கடைசிப் பதினெட்டு நாள் ஆசுப்பத்திரியில் இருந்தார். ஒவ்வொரு நாளும் போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் கொடுக்கும் கஞ்சியைக் குடிப்பார். கதைக்கமாட்டார். மன்னிப்புக் கேட்க நான் வசனம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள், பிறகு சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

மருமகள் பிரான்சிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, அம்மா சொல்லிவைச்சவ, தனக்குக் கல்வெட்டு வேண்டாமாம்."

"ஓம் பிள்ளை."

"பேப்பருக்கு அறிவித்தல் மட்டும் போடுங்கோ. நீங்கள்தான் எழுதவேணும்."

"நான் எழுதினால் அம்மாவுக்கு..."

"ஆருக்கு எங்கடை ஆக்களின்ரை பேர் முழுக்கத் தெரியும்? நீங்கள்தானே மாமா."

அரை மணித்தியாலத்தில் எழுதக்கூடிய அந்த மரண அறிவித்தலை எழுத எனக்கு ஒரு பகல் எடுத்தது. காலஞ்சென்ற அப்பா அம்மாவின் அன்பு மகளும், காலஞ்சென்ற அத்தானின் அன்பு மனைவியும் என்று எழுதி, பிள்ளைகளின் வரிக்கு வந்தேன். மூன்று பெயரையும் வயது ஒழுங்கில், ஒரே மாதிரி எழுதினேன். எதற்கும் முன்னால் ஒரு சொல்லும் போடவில்லை.

பின்னேரம் பத்திரிகைக் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை எடுத்தாள். விளம்பரப் பகுதியில் வேலை செய்கிறவள், நல்ல கவனமான பிள்ளை.

"ஐயா, பிள்ளையளின்ரை பேருக்குப் பக்கத்திலை நாடு போடுறதெல்லோ, அடைப்புக்குறிக்குள்ளை. மகளுக்குப் பிரான்ஸ் எண்டு எழுதியிருக்கிறியள். மகன்மார் ரெண்டு பேருக்கும் விட்டுப்போட்டியள். அவை எந்த நாடு?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஐயா, கேக்குதே? கனடாவோ, லண்டனோ?"

"இல்லைப் பிள்ளை."

"போடாமல் விடட்டே? சனம் மறந்துபோய் விட்டதெண்டு நினைக்கும்."

"விடவேண்டாம்" என்றேன். "இலங்கை எண்டு போடும்."

"ரெண்டு பேருக்குமோ?"

"ரெண்டு பேருக்கும்."

அவள் எழுதிக்கொண்டு, ஒருமுறை முழுவதையும் வாசித்துக் காட்டினாள். மறுநாள் அப்படியே வந்தது. பத்திரிகையை வெட்டி, திகதியிட்டு, என் கோவையில் ஒட்டியிருக்கிறேன். அதில் உள்ள மற்றெல்லாத் தகவலும் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரி பார்க்கப்பட்டவை. இரண்டு பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'இலங்கை' மட்டும் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.